பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கார்

ஓமாவில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரிடம் அந்தப் பழைய காரை வாங்கியபோது, செலவு அத்தோடு முடிந்தது என்றுதான் கோல்மன் நினைத்தான். ஐம்பதைத் தாண்டியும் அரசாங்கத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த வெள்ளை மனசைப் பாராட்டத்தான் வேண்டும். ஓமா வடக்கே, பவுண்டு செல்லும் நாட்டில். கோல்மன் வீடு லிஃபோர்டில், யூரோ செல்லும் நாட்டில். நடுவே ஓர் ஆறும் பாலமும். அந்தப் பாலத்தைத் தாண்டி ஒரு பழைய கார் இங்கே குடியேற வேண்டுமானால் பதிவு வரி கட்ட வேண்டும். வாங்கிய விலையை வைத்து வரி போடுவார்கள் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது. இங்கே விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று வரி அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஒரு கனவு காணும். அந்தக் கனவுக்குத்தான் வரி.

கோல்மன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேநீரைக் கீழே வைத்தான். கார் விலையில் பாதிக்கு மேல் வந்தது.

"பேசாம அந்தக் கம்ப்யூட்டருக்கே காரை வித்துடு. அதுதான் நல்ல விலை சொல்லுது" என்றாள் மனைவி அட்ராக்டா.

"ஒரு சென்ட் கட்ட மாட்டேன். பாத்துக்கிட்டே இரு!"

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்ட்ரபேனில், அவன் சித்தப்பா மகன் மலாக்கி இருந்தான். அவன் வீட்டு முற்றத்தில் கோல்மன் காரை நிறுத்தினான். கோல்மனுக்கு வேலை டெரியில் ஒரு தரை ஓடுக் கடையில், அதுவும் வடக்குதான். ஆகவே தினமும் காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தை நடந்து கடப்பான், காரை எடுப்பான். சாயங்காலம் காரை விட்டுவிட்டு நனைந்துகொண்டே திரும்புவான். சட்டத்தை ஜெயித்துவிட்டோம் என்ற பெருமையில் அவனுக்குத் தும்மல்கூட இனித்தது.

"ஊர்ல எல்லாரும் கார் வாங்கினா நடக்கிறத விடுவாங்க. நீ கார் வாங்கித்தான் நடக்கவே ஆரம்பிச்சிருக்கே" என்பாள் அட்ராக்டா.

சும்மா கிடந்தால் பேட்டரி இறங்கிவிடுமே என்று மலாக்கிக்கு இரக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்ப் பந்தயத்துக்கு எடுத்துப் போனான். பிறகு சந்தைக்கு. ஒரு திங்கட்கிழமை பின் சீட்டில் கொத்துக் கொத்தாகக் கம்பளி ரோமம்.

"டேய், இது என்னடா?"

"செம்மறிக்கிடா. ரொம்ப மரியாதையான கிடாடா அது. வழியெல்லாம் தலைய மட்டுந்தான் வெளிய நீட்டிச்சு."

"இதென்ன காரா, தொழுவமாடா?"

"நிறுத்துறதுக்கு உன்கிட்ட வாடகை கேட்டேனா நான்?"

கோல்மன் குனிந்து சீட்டிலிருந்த ரோமத்தைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அடுத்த மாதம் லிஃபோர்ட் தேவாலயத்தில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். கோல்மனும் அட்ராக்டாவும் ஒரே குடையில் ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, பளபளவென்று கழுவிய காரில் மலாக்கி வந்து இறங்கினான். அவன் வடக்கத்திக்காரன், வண்டியும் வடக்கத்தி நம்பர். யார் என்ன கேட்க முடியும்? பாதிரியார் வண்டியின் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார். "அருமையான வண்டிப்பா மலாக்கி!"

"ஏதோ கடவுள் குடுத்தது, ஃபாதர்" என்று தலையைக் குனிந்தான் மலாக்கி.

திரும்பும்போது அவனே கூப்பிட்டான். "மழைல நனையாதீங்க அண்ணி, ஏறுங்க. வீட்ல இறக்கிவிட்டுப் போறேன்."

அட்ராக்டா பின் சீட்டில் கிடா நாற்றத்தில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"நாளைக்கே போய் வரியக் கட்டு. இல்லேன்னா காரை அவன் பேர்ல எழுதிக் குடுத்துட்டு, கடவுள் குடுத்ததுன்னு நீயும் சொல்லிடு."

வரி போடுவதற்கு முன் வண்டியைப் பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் ஓர் இளம்பெண் எஞ்சின் நம்பரையும் ஓடிய தூரத்தையும் பார்த்தாள். இத்தனை நாள் காரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கோல்மன், விலை குறையட்டும் என்று அதை வாய்க்கு வந்தபடி தூற்றினான்.

"இந்தக் கீறலப் பாருங்க மேடம். சீட்ட மோந்து பாருங்க, ஆட்டு நாத்தம்!"

"வண்டி ஓடுதுல்ல சார்?"

"ஓடுது. மனசில்லாம ஓடுது."

அவள் சிரித்துவிட்டாள். "நாத்தத்துக்கெல்லாம் விலை குறைக்க மாட்டாங்க சார். இந்த மாடலுக்கு இப்ப நல்ல கிராக்கி வேற. நீங்க அப்பவே வந்திருந்தா கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும்."

கோல்மன் கட்டினான். நடந்த நடைக்கும் பிடித்த சளிக்கும் கிடைத்த பலன், கூடுதல் வரி.

அந்தச் சனிக்கிழமை புது நம்பர் பலகையோடு இருவரும் பண்டோரன் கடற்கரைக்குப் போனார்கள். மழை கொட்டியது. ஆனால் ஜன்னலைச் சாத்த முடியவில்லை. சாத்தினால் கிடா உள்ளேயே உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"விடு. வரி கட்டியாச்சுல்ல? இந்த நாத்தமும் இப்ப சட்டப்படி நம்மளுதுதான்" என்றாள் அட்ராக்டா.

கோல்மனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவலை மடியில் வைத்து, ஜன்னல் வழியே அடித்த சாரலில் நனைந்தபடியே இருவரும் தின்று முடித்தார்கள்.