வைக்கலிங்கம்

“அப்படின்னா எங்கம்மா பொறக்கவே இல்லையா மிஸ்?”

பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயதிருக்கும். மேசைக்கு மேலே கண்களும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் ஜுமானா. அப்போது அவள் இரத்தினபுரி மாவட்டத்தின் ஓர் அரச அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

சிறுமியின் தாய் விஜயகலா பலாங்கொடைக்கு மேலே ஹல்பேகந்தைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். தன் பிறப்புச் சான்றிதழுக்காக அன்று மூன்றாவது தடவையாக வந்திருந்தாள். வந்த மூன்று நாளும் தோட்டத்தில் அவளுக்குப் பேர் விழவில்லை, அதாவது அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தாறு, தகப்பன் பெயர் இருளப்பன் என்பதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. அந்த வருடப் புத்தகம் முழுவதிலும் ஜுமானா தேடினாள். விஜயகலா என்று ஒருத்தியும் அதில் இல்லை.

“பொறந்தீக்காங்க மகள். எழுதல்ல, அவ்வளவுதான்” என்று சிறுமிக்குப் பதில் சொன்னாள். பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது, ஜுமானாவும் சிரித்தாள். மிஸ் சிரித்ததால் விஜயகலாவும் சிரித்தாள். ‘பதிவு காணப்படவில்லை’ என்று ஜுமானா கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தை அவள் நான்காக மடித்து ஒரு சீனிப் பையில் வைத்துக்கொண்டாள். “வாறேங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போனாள்.

ஜுமானா பலாங்கொடை டவுனில் பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். படித்து முடித்த மற்றப் பட்டதாரிகளைப் போலவே அவளும் அரசாங்கம் கொடுத்த வேலைக்குப் போனாள். அந்த வேலைக்கும் படித்த படிப்புக்கும் சம்பந்தமில்லை என்றுதான் முதல் இரண்டு வருடங்கள் எண்ணியிருந்தாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் பதிவறையின் கூரை ஒழுகி, பழைய புத்தகங்களை வெயிலில் பிரித்துக் காயவைக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டும்போது தோட்டத்துப் பெயர்கள் வரிசையாக வந்தன. பிறந்தவர்கள் ஒரு புத்தகத்தில், இறந்தவர்கள் இன்னொன்றில். இரண்டிலும் ஒரே பெயர், நடுவில் சில வாரங்கள். இந்த மக்களைப் பற்றித் தான் படித்த வரலாற்றுப் புத்தகங்களில் இரண்டு பக்கம் இருந்தால் அதிகம் என்று அவள் அன்று நினைத்தாள்.

அதன்பிறகு மதிய உணவு நேரங்களில் குறிப்பெடுத்தாள். வார இறுதியில் மேற்படிப்புப் படித்தாள். விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருப்பதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, கணவன் ஜஸீலிடம் காட்டினாள். பாடசாலை ஆசிரியரான அவன் உடனே சரி என்றான். உம்மாவுக்குத்தான் மனம் வரவில்லை. “பென்ஷன் ஈக்கிற வேலய உட்டுட்டு, செத்த ஆக்கள எண்ணப் போறியா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு ரக்அத் தொழுது மகளுக்காக துஆவும் செய்தாள்.

அப்படியாக, பதினொரு வருடம் அரச அலுவலகத்தில் இருந்தவள் பலாங்கொடைக்கு அப்பாலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனாள். தோட்டப் பிறப்புப் பதிவுகளே அவளுடைய ஆராய்ச்சியாயின. பழைய பதிவறைக்கு இப்போது அனுமதிக் கடிதத்தோடு வந்து, வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டு உட்கார்ந்தாள். முன்பு அவளுக்குக் கீழே வேலை பார்த்த றிஸ்மி புத்தகங்களை எடுத்துக் கொடுத்தான். கேட்காமலே பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தான். தான் ஒருநாளும் வெளியாட்களுக்குத் தேநீர் கொடுத்ததில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது வைக்கலிங்கம்.

ஹல்பேகந்தைப் பதிவுகளில் எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தொன்பது வரை, ஆங்கில எழுத்தில், ‘வைக்கலிங்க’ என்ற பெயர் முப்பத்தேழு தடவை வந்திருந்தது. ஆணுக்கும் அதே பெயர், பெண்ணுக்கும் அதே பெயர். இவர்களின் முன்னோர் இந்தியாவில் விட்டுவந்த ஏதோ ஓர் ஊரில் வைக்கலிங்கம் என்று ஒரு சிவன் கோயில் இருந்திருக்க வேண்டும் என்றும், பிள்ளை தங்காத குடும்பங்கள் அந்தச் சாமிக்கு நேர்ந்து ஆண் பெண் பேதமின்றி அப்பெயரை வைத்திருக்க வேண்டும் என்றும் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். நல்ல கட்டுரை என்று பலர் பாராட்டினார்கள். இன்னொருவரின் சமயத்து விஷயம் என்பதால், பிழையாக எழுதிவிடக் கூடாதே என்று கோயில்கள் பற்றிய நூல்களையெல்லாம் தேடிப் படித்துத்தான் எழுதியிருந்தாள். தோட்டத்து ஆட்களிடம் மட்டும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையைப் பெரிதாக்கிப் புத்தகத்தில் சேர்க்கும் வேளை வந்தபோதுதான், கோயிலின் அடையாளம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமை ஹல்பேகந்தைக்கு பஸ் ஏறினாள்.

பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற சின்னம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. அந்தத் தோட்டத்தில் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட எல்லோரையும் சின்னம்மா மடியில் வைத்திருந்திருக்கிறாள். அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஜுமானா வைக்கலிங்கசாமியைப் பற்றிக் கேட்டாள். அப்படியொரு சாமியைக் கேள்விப்பட்டதில்லை என்று சின்னம்மா சொன்னாள். முனியாண்டி இருக்கிறார், மாரியம்மன் இருக்கிறாள், தேயிலைத் தொழிற்சாலைக்குக் காவலாக ரோதைமுனி கூட இருக்கிறார். இவர் யார்?

“அதுல எப்படி எழுதியிருக்குங்க மிஸ்? உள்ளபடிக்கு வாசிங்க.”

ஜுமானா குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். “வை. க்க. லிங். க.”

சின்னம்மா கீரையைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

“அது சாமி இல்லீங்க மிஸ். பேரு வைக்கலீங்க.”

ஜுமானாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

“புள்ள பொறந்து முப்பது கழியாம நாங்க பேரு வைக்க மாட்டோம்ங்க. அப்ப தோட்டத்து மருந்துக் காம்பராவுல இருந்த டிஸ்பென்சர் ஐயா அஞ்சாம் நாளே புஸ்தகத்தோட வந்துருவாரு. அவருக்குத் தமிழ் வராது. ‘நம மொகத்த’ன்னு சிங்களத்துல பேரு கேப்பாரு. நாங்க ‘பேரு வைக்கலீங்க’ம்போம். அவரு தலைய ஆட்டி எழுதிக்கிட்டுப் போயிருவாரு. என்னா எழுதுறாருன்னு எங்களுக்கு எங்க தெரியும்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சாமிக்குக் கோயில் கட்டணும்னா எங்க வீட்டுலதான் கட்டணும். எனக்கே மூணு வைக்கலிங்கம்.”

ஜுமானாவும் சிரித்துவிட்டாள்.

“ஒண்ணுதான் நின்னுச்சு” என்று சொல்லி, சின்னம்மா மறுபடியும் கீரையை எடுத்தாள்.

இறப்புப் புத்தகத்தில் வைக்கலிங்கம் என்ற பெயர் பதினாறு தடவை வருவது ஜுமானாவின் நினைவுக்கு வந்தது. முப்பது நாள் இருக்காமல் போன பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு வேறு பெயரே கிடையாது. கட்டுரையில் அதற்கும் ஒரு விளக்கம் எழுதியிருந்தாள். சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவினாள்.

இந்தப் பேர்த் தொல்லை இன்னும் தீரவில்லை என்று சின்னம்மாதான் பேச்சைத் தொடர்ந்தாள். லயத்தின் வரிசை அறைகளில் இருப்பவர்களுக்கு வீடு கட்டக் காணி கொடுக்கிறார்களாம். தோட்டத்தில் பெயர் பதிந்திருந்த தகப்பனின் பிள்ளை என்று காட்ட வேண்டுமாம். கீழ் லயத்து விஜயகலாவிடம் அதற்குப் பத்திரம் இல்லை. உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து அடையாள அட்டை எடுத்துவிட்டாள். ஆனால் அந்தச் சான்றிதழில் தாய் தகப்பன் பெயர் கிடையாது. மாதக் கடைசியோடு பட்டியல் போய்விடும். அவளுக்குக் காணி இல்லையென்றால், இருக்கிற ஒற்றைக் காம்பராவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

“இருளப்பன் மகளா?” என்று ஜுமானா கேட்டாள்.

“ஆமாங்க. தெரியுமா? அந்தக் காலத்துல ஆப்பீஸ்ல யாரோ ஒரு மிஸ் இல்லைன்னு கடுதாசி குடுத்துட்டாங்களாம். அவங்க மேல இவளுக்குக் கோவமில்ல. பாவம், புஸ்தகத்துல இல்லாட்டி அந்த மிஸ் என்னா செய்வாங்கன்னுதான் சொல்லுவா.”

திங்கட்கிழமை காலை ஜுமானா பதிவறை திறக்கும்போதே போய் நின்றாள். றிஸ்மி எழுபத்தாறாம் வருடப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஹல்பேகந்தை. தகப்பன் இருளப்பன். பெண். ஆவணி மாதம். பெயர், வைக்கலிங்க.

அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி இருந்தது. தேடும்போது, பார்த்து முடித்த வரிக்குப் பக்கத்தில் அப்படிப் புள்ளி வைப்பது ஜுமானாவின் வழக்கம். வேறு யாரும் அந்த அலுவலகத்தில் அப்படிச் செய்ததில்லை. தகப்பன் பெயரைப் பார்த்திருக்கிறாள். பிள்ளையின் பெயர் ஆண்பிள்ளைப் பெயர் போலிருந்ததால், ‘பெண்’ என்று எழுதியிருந்த கட்டம்வரை கண் போகவில்லை. புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள்.

பிளேன்டீ ஆறிப்போனது.

அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவனிடம் அழுது கேட்கலாம், மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதரிடம்தான் தீர்க்க வேண்டும் என்று வாப்பா சிறு வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கடமைக்கு ஹக்கு என்று பெயர். இத்தனை வருடமாக ஐந்து வேளையும் தொழுதவளின் கணக்கில் அது தீராமல் கிடந்திருக்கிறது. அவளுக்கு அது தெரியவும் இல்லை.

அந்தப் பதிவின் பிரதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு அவள் வெளியே வரிசையில் போய் நின்றாள். றிஸ்மி பின்னாலேயே வந்தான். “மெடம், நீங்க லைன்ல நிக்கத் தேவல்ல. நான் எடுத்துத் தாறேன்” என்றான். வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டாள். முன்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குத் தன் இடத்தைக் கொடுத்தாள். பிரதி கையில் கிடைக்க நடுப்பகல் ஆகிவிட்டது.

கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அன்று மாலையே எழுதினாள். வைக்கலிங்கம் என்று ஒரு சாமி இல்லை, தான் சொன்னது பிழை, உண்மையைச் சொன்னவர் ஹல்பேகந்தைத் தோட்டத்துச் சின்னம்மா என்று பெயர் சொல்லி எழுதினாள். விரிவுரையாளர்களின் அறையில் ஒரு வாரம் அதுவே பேச்சாக இருந்தது. அவளை வைக்கலிங்கம் மிஸ் என்று கூப்பிட்டவர்களும் உண்டு. “ஒரு சாமிய வாபஸ் வாங்கின ஆள் ஒலகத்துலேயே நீதான்” என்று ஜஸீல் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஊரறியச் செய்த பிழையை ஊரறியத் திருத்துவது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

மற்றதைப் பற்றி அவள் ஜஸீலிடமும் பேசவில்லை. நேரில் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். விஜயகலா கதிரையைத் துடைத்துப் போடுவாள். கடைக்கு ஆள் அனுப்பி சோடா வாங்குவாள். இவள் சொல்லி முடிக்கும் முன்பே “பரவாயில்லீங்க மிஸ்” என்று சொல்லிவிடுவாள். மூன்று நாள் பேரை இழந்து, இத்தனை வருடம் தகப்பன் பெயரில்லாத தாளோடு அலைந்த ஒருத்தியிடம் மன்னிப்பையும் உடனே கையில் வாங்கிக்கொண்டு வருவது நியாயமாகத் தோன்றவில்லை. மன்னிக்கவும் மன்னிக்காமலிருக்கவும் அவளுக்கு நேரம் வேண்டும். எதிரே ஒருத்தி கைகட்டி நிற்கக் கூடாது.

ஆகவே எழுதினாள். அலுவலகத் தமிழை விட்டு, படித்தவுடன் விளங்கும் தமிழில் எழுதினாள். ‘உங்கள் பதிவு முதல் நாளிலிருந்தே புத்தகத்தில் இருந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை. குறை புத்தகத்தில் இல்லை, என்னிடம்தான். முடிந்தபோது என்னை மன்னியுங்கள்.’ கீழே தன் முழுப் பெயரையும் அன்று வகித்த பதவியையும் எழுதினாள். பிறப்புப் பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை அதனோடு வைத்தாள். பெயரைத் திருத்துவதற்கான படிவத்தை, விஜயகலாவின் கையெழுத்து நீங்கலாக, முழுவதும் நிரப்பி வைத்தாள். ‘வைக்கலிங்க’ என்ற சொல் எப்படி வந்தது, இருளப்பனின் மகள் இவள்தான் என்பதற்கு ஆதாரம் என்ன என்று காணிப் பதிவுக்காரர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பல்கலைக்கழக முத்திரையோடு சேர்த்தாள்.

தபாலில் போட்டால் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று சொல்ல முடியாது. பட்டியல் போக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. புதன்கிழமை விரிவுரை இல்லை. முதல் பஸ்ஸில் போனாள்.

ஒன்பது மணிக்கு லயத்தில் யாரும் இல்லை. எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள். மேலே எங்கோ கொழுந்து எடுப்பவர்களின் பேச்சுக்குரல் மட்டும் மூடுபனிக்குள்ளிருந்து வந்தது. வாசல்களில் கோழிகள் மேய்ந்தன. கீழ் லயத்தில் கடைசியிலிருந்து மூன்றாவது கதவு என்று பள்ளத்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. தரைக்கும் கதவுக்கும் இடையே ஒரு விரல் அகலம் இருந்தது.

இரவு மழை பெய்து சிமெந்து ஈரமாக இருந்தது. ஜுமானா கடித உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுற்றினாள். ‘பிஸ்மில்லாஹ்’ என்று மெதுவாகச் சொல்லி, முழங்காலிட்டு, கதவின் கீழே தள்ளினாள். பாதியில் சிக்கியது. வெளியே இழுத்து, மடிப்பைத் தட்டையாக்கி, மறுபடியும் தள்ளினாள். இம்முறை கடைசி மூலையும் உள்ளே போனது. கோழி கொத்தி இழுத்துவிடாமல் இருக்க, விரலை விட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினாள்.

பிறகு எழுந்து, அபாயாவில் ஒட்டிய ஈரத்தைத் தட்டாமலே, பத்தரை பஸ்ஸைப் பிடிக்கக் கீழே நடந்தாள்.