இடையில் ஒருத்தி

ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் புருஷன் அவளைப் பார்த்து, “நீ வாயை மூடு” என்றார். மூடினாள். ஆறு வருடம் ஆயிற்று.

அதற்காகக் குடித்தனம் நின்றுவிடவில்லை. “உங்கப்பாகிட்ட சொல்லு, குழாய் ஒழுகுது” என்று மகளிடம் சொல்வாள். வேலை விட்டு வந்து, பெயின்ட் வாடையோடு பால்கனியில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் மகள் போவாள். திரும்பி வந்து, “முழங்கால் வலி எப்படி இருக்குன்னு அப்பா கேட்டாரும்மா” என்பாள். மனுஷனுக்கு வீம்புதான், மனசில் ஈரம் காயவில்லை என்று, அந்த ஒரு விசாரிப்பை வைத்தே அவள் காலத்தைத் தள்ளினாள்.

இப்போது அவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். எவ்வளவு துடைத்தும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே, “இனிமே நம்ம தபால்காரிக்கு ரிட்டயர்மென்ட்தான்” என்றாள். யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக்கிக்கொண்டார்.

வண்டிக்காரர் வந்து, “எடுத்துடலாமாம்மா?” என்றார்.

“கொஞ்சம் இருங்க.” அவள் மகளின் கையைப் பிடித்தாள். “கடைசியா என்னடி சொன்னாரு? எனக்குன்னு ஏதாவது?”

மகள் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தாள். “மருந்து ஒழுங்கா போடுறியான்னு கேட்டாரும்மா.”

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் அவர் வாயில் குழாய் சொருகியிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவளே பார்த்திருக்கிறாள்.

“எத்தனை நாளாடி?”

“என்னம்மா?”

“நீயா சொல்றது.”

மகளின் முகம் கோணிற்று. “மொதல்லேர்ந்தே. அவரு ஒண்ணுமே கேக்க மாட்டாரு. வெறுங்கையோட வந்தா நீ என் மூஞ்சியையே பாப்ப. அவருகிட்டயும், சாப்பிட்டீங்களான்னு அம்மா கேட்டாங்கன்னு சொல்வேன்.”

அவள் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. ஆறு வருடமாக அவளும் அவரும் தனித்தனியே இந்தப் பெண்ணின் பொய்யோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் அல்ல.

பெட்டியருகே போய்க் குனிந்தாள்.

“ஏங்க.”

குரல் துருப்பிடித்து வந்தது. கூடம் அடங்கிற்று. பிறகு, பழக்கதோஷம், பதிலுக்காக மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லை என்று தலையை அசைத்தாள்.

“சரி,” என்றாள் அவள், வண்டிக்காரரிடம். “எடுத்துக்குங்க.”