காப்புக் காய்த்த காது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் அப்படியொன்றும் கௌரவமான இடமல்ல. காதில் அழுக்கு அடைத்துக்கொண்டு, காது மூக்கு தொண்டை டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எனக்கு முந்தைய ஆள், ஏதோ மில்லில் ஆயுள் முழுக்க உழைத்த பெரியவர். டாக்டர் அவர் காதுக்குப் பின்னால் இரட்டைக் கால் இரும்பு ஒன்றை வைத்தார். பெரியவர் ஒரு பதில் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அதற்குப் பெரியவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது. என் முறை வந்தபோது எந்தக் காதில் அடைப்பு என்பதையே மாற்றிச் சொன்னேன்.

என்ன கேள்வி என்று இப்போது சொல்லமாட்டேன். சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் பெரியவர் மனதிலிருந்து நகர்ந்துவிட்டார். அந்த இரும்பைப் பிடித்திருந்த கைதான் நின்றது. அது ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் கையாக இருந்தால்? அவள் தன் அப்பாவின் காதுக்குப் பின்னால் அதை வைத்தால்?

இடம் ராயபுரம், வருஷம் 1951. ஏன் அந்த வருஷம் என்று கேட்டால், அன்றைக்கு அங்கே இருந்த யாரும் இப்போது வந்து என்னிடம் தப்புக் கண்டுபிடிக்கப் போவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இன்றைக்கு ஒரு பெண் டாக்டராக வேண்டும் என்றால் ஊரே கூடி அவளைப் பயிற்சி வகுப்பில் தள்ளுகிறது. என் பெண்ணைத் தள்ள யாரும் இருக்கக் கூடாது. அவளே நடக்க வேண்டும்.

2

முதல் வரி சுலபத்தில் வரவில்லை.

"ராயபுரம் கடற்கரையில் சூரியன் மெல்ல" – வேண்டாம். துறைமுகத்துக் கரித்தூளைத் தாண்டி சூரியன் வருவதற்குள் அந்த ஊரில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

"டோரதி பிறந்தபோது வீறிட்டு அழுதாள், அவள் அப்பாவுக்கு அது கேட்கவில்லை." (நல்ல வரி என்று கொஞ்ச நேரம் பூரித்துப்போயிருந்தேன். பிறகுதான் உறைத்தது, அப்போது அவர் இளவட்டம், காது கொஞ்சமாவது மிச்சமிருந்திருக்கும். அழகான வரிகளில் பாதி இப்படித்தான், விசாரித்தால் பொய்யாகிவிடும்.)

"டோரதியின் தெருவில் யாரும் ரகசியம் பேசியதில்லை."

இது இருக்கட்டும்.

3

டோரதியின் தெருவில் யாரும் ரகசியம் பேசியதில்லை. மாதா கோயிலுக்குப் பின்புறத் தெரு அது. ஆண்களில் பெரும்பாலோருக்குத் துறைமுகத்தை ஒட்டிய பாய்லர் பட்டறையில் வேலை. கப்பல் பாய்லர்களுக்குத் தகடு வைத்து ரிவிட்டு ஆணி அடிப்பார்கள். வெளியே ஒருவன் சம்மட்டியால் அடிக்க, பாய்லருக்கு உள்ளே ஒருவன் உட்கார்ந்து ரிவிட்டின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கோயில் மணிக்குள் ஓர் ஆளை உட்கார வைத்து வெளியிலிருந்து அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சில வருஷத்தில் காது போய்விடும். அதன்பிறகு அவர்களோடு பேசக் கத்த வேண்டும், அல்லது பட்டறையில் பழகிய கைஜாடை காட்ட வேண்டும். கத்தினால் தெருவுக்கே கேட்கும். ஜாடை காட்டினால் தெருவுக்கே புரியும். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அங்கே பொதுச் சொத்து.

டோரதியின் அப்பா கஸ்பார் பட்டறையில் மேஸ்திரி. தன் காது கெட்டுவிட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. காப்புக் காய்த்துவிட்டது என்பார். சம்மட்டி பிடிக்கிறவன் கை முதலில் கொப்புளிக்கும், உடையும், பிறகு காய்த்துப்போகும். காய்த்த கை வலிக்காது. காதும் அப்படித்தான், முதலில் வலிக்கும், இரையும், அப்புறம் அடங்கிவிடும். அதனால் புதிதாக உள்ளே இறங்குகிறவன் காதில் பஞ்சு வைக்கக் கூடாது என்பது அவர் கோஷ்டியின் சட்டம். பஞ்சு வைத்தால் காது காய்க்காமலே கிடந்து வேதனை கொடுக்குமாம். பஞ்சு வைத்த ஒருவன் வலி பொறுக்காமல் வேலையை விட்டே ஓடியதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

(சிரிக்காதீர்கள். கையைக் கொண்டு காதைப் புரிந்துகொள்வது முட்டாள்தனம் அல்ல. அந்தத் தெருவில் பிறந்திருந்தால் நீங்களும் நானும் அதைத்தான் நம்பியிருப்போம்.)

டோரதியும் அண்ணன் பாஸ்கலும் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவர்கள். சுதி பிடிப்பதற்காகக் குழு மாஸ்டர் ஒரு கவை வைத்திருந்தார். முழங்காலில் தட்டினால் ஒரே சுரத்தில் ரீங்கரித்து, மெல்ல மெல்லத் தேய்ந்து நிற்கிற இரட்டைக் கால் இரும்பு.* பக்கத்து வீட்டு அத்தைக்குக் காதில் சீழ் வடிந்தது என்று துணைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன டோரதி, டாக்டர் கையில் அதே கவையைப் பார்த்தாள். பாட்டுச் சாமானுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

அடுத்த சனிக்கிழமை வேறொரு அத்தையோடு போனாள். அப்புறம் ஒரு சித்தியோடு. தெருவில் யாருக்குக் காது குடைந்தாலும் டோரதி செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். டாக்டர் சங்கரநாராயணன் ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, உனக்கு மொத்தம் எத்தனை அத்தைம்மா என்று கேட்டார்.

காது டாக்டராக வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பெண்கள் பிரசவம் பார்க்கப் படிக்கிறார்கள், குழந்தை வைத்தியம் படிக்கிறார்கள், காதுக்கென்று யாரும் வந்ததில்லை என்றார். முதலில் இன்டர்மீடியட், பிறகு எம்.பி.பி.எஸ்., அதற்கும் மேலே தனியாகக் காதுக்குப் படிக்க வேண்டும், கல்யாண வயது தாண்டிப்போகும் என்றார். பயமுறுத்தத்தான் சொன்னார். அவள் அதை வழி கேட்டவளுக்குச் சொன்ன வழியாக எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் கவையைப் பற்றியும் கேட்டுவைத்தாள். தட்டிக் காதுக்குப் பின் எலும்பில் வைத்துப் பார்ப்போம், நோயாளிக்கு நின்ற பிறகும் நமக்குக் கேட்டால் உள்ளே நரம்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது என்றார் அவர். வராமல் தடுக்க முடியுமா என்று கேட்டாள். சத்தத்தை உள்ளே விடாமல் இருந்தால் முடியும் என்றார்.

பதினாறு வயதில் இவ்வளவு உறுதியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கொஞ்சம் தடுமாற வைக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். "அன்று மாலை டோரதி ஜன்னலோரம் நின்று, தன்னால் முடியுமா என்று" – அந்த வீட்டில் ஜன்னல் கிடையாது. அதோடு விட்டுவிட்டேன்.

\* பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு இசைக்கவை என்று பெயர். தெருவில் கவை. நானும் தெருப்பக்கம்.

4

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தது. பள்ளிக்கூடத்து மதர், டோரதிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சொல்லிவைத்தார். அதே வாரம் பாஸ்கலுக்குப் பட்டறையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை பாய்லருக்குள் இறங்க வேண்டும், வெறுங்காதோடு. பாஸ்கலுக்கு வேலை பிடித்திருந்தது. பாடவும் பிடித்திருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது அந்த வீட்டில் டோரதிக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நைனா, அண்ணன் காதுல பஞ்சு வெச்சிக்கினு எறங்கட்டும். நான் டெலிபோனுக்குப் போவல. காலேஜுக்குப் போறேன். காது டாக்டருக்குப் படிக்கப் போறேன்."

கத்தித்தான் சொன்னாள். வேறு வழியில்லை. எதிர் வீட்டு அம்புரோஸ் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவரும் கஸ்பார் கோஷ்டி ஆள்தான்.

"எங்க காதுக்கு இன்னா கொறச்சலு?" என்றார் கஸ்பார். "காச்சிப் போய்கீது. அவ்ளோதான்."

"காச்சல நைனா. செத்துப்பூட்ச்சு."

(இதை அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அடித்தால் அவள் டோரதியாக இல்லை. திரும்ப எழுதினேன்.)

கஸ்பார் கோபப்படவில்லை. மேஸ்திரி அல்லவா, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்குப் பூசை முடிந்ததும் கோஷ்டி மொத்தத்தையும் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன், காதைச் சோதிக்கும் என்று நீ சொல்லுவாயே, மாஸ்டரின் அந்தக் கவையை வாங்கிக்கொண்டு வா என்றார்.

"என் காது செத்துப்பூட்ச்சுன்னு எல்லார் எதுர்லயும் காட்டு. காட்டினா நீ காலேஜுக்குப் போ, அவனும் பஞ்சு வெச்சிக்கட்டும். காட்ட முடியலேன்னா அவன் வெறுங்காதோட எறங்குவான், நீ டெலிபோனுக்குப் போவ. அப்புறம் இந்த வூட்டுல காதுங்கற பேச்சே கெடையாது."

5

ஞாயிற்றுக்கிழமை. கஸ்பார் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எதிரே பாயில் கோஷ்டி. அம்மா ரோசி எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் நிற்கிறாள். அந்த அறையில் நன்றாகக் காது கேட்பவர்கள் மூன்றே பேர்: ரோசி, பாஸ்கல், டோரதி.

டோரதி முதலில் கவையை அண்ணனுக்கு வைத்துக் காட்டினாள். ஓசை நின்றதும் பாஸ்கல் கையைத் தூக்கினான். கவையைத் தன் காதெலும்பில் வைத்துப் பார்த்தாள், அவளுக்கும் நின்றிருந்தது. நல்ல காது இப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் ஜாடையில் சொன்னாள்.

பிறகு அப்பாவின் பின்னால் போய் நின்று, கவையைத் தட்டி, எலும்பில் வைத்தாள். கேக்குதா என்று பாஸ்கல் எதிரிலிருந்து ஜாடை காட்ட, கஸ்பார் தலையாட்டினார். கொஞ்ச நேரம் போனது. தலையாட்டினார். பாஸ்கல் கை தூக்கிய நேரமும் தாண்டியது. டோரதி கவையை எடுத்துத் தன் எலும்பில் வைத்தாள். நின்றுபோயிருந்தது. திரும்ப அப்பாவிடம் வைத்தாள்.

"கேக்குது," என்றார் கஸ்பார்.

அம்புரோஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். பிள்ளைக்கு நின்றுபோனது அப்பனுக்கு இன்னும் கேட்கிறது. மேஸ்திரி காது மேஸ்திரி காதுதான்.

(நீங்களும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கவை ரீங்கரிக்கிறதா, நின்றுவிட்டதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்வதை நம்புகிறீர்கள், அவ்வளவுதான்.)

என் முதல் பிரதியில் கஸ்பார் பொய் சொன்னார். மானத்துக்காகச் சொன்ன பொய். டோரதி உடனே, "இது நின்னு எவ்ளோ நேரமாச்சு நைனா" என்று கத்தினாள். அவள் ஜெயித்தாள். எழுதி முடித்துவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் கவையை வைத்துக் கேட்குதா என்றார். கேட்குது என்றார் பெரியவர். நான் இன்னும் தட்டவே இல்லையே என்று டாக்டர் சிரித்தார். அப்போதுதான் அவர் கேட்டார்:

"அப்போ இத்தினி வருசமா எனக்குக் கேக்குதே, அது இன்னா சார்?"

கஸ்பாரும் பொய் சொல்லவில்லை. பட்டறையில் முதல் மாதம் தொடங்கிய இரைச்சல் அவர் காதைவிட்டு இறங்கவே இல்லை. வெளிச்சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், அது மட்டும் மிஞ்சியிருக்கிறது. கவையின் ஓசை எது, தன் காதின் ஓசை எது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மனுஷனைப் பொய்யனாக்கியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

டோரதிக்கு இது என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. காதுக்குள் வண்டு கத்துகிறது என்று அழுதவர்கள் எத்தனை பேரை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் பார்த்திருக்கிறாள்.

6

இப்போது அவள் என்ன செய்ய முடியும்? உண்மையைக் கத்தினால் கோஷ்டி முழுக்கக் கேட்கும், மேஸ்திரி மானம் போய்விடும். ஜாடை காட்டினால் எல்லாருக்கும் புரியும். அப்பாவிடம் தனியாகச் சொல்ல அந்தத் தெருவில் வழியே கிடையாது. சும்மா இருந்தால் நாளைக்கு அண்ணன் வெறுங்காதோடு இறங்குவான். அவள் வாயை மூடிக்கொண்டு தோற்பதாகவும் ஒரு முடிவு எழுதினேன். படிக்க நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டராகப் போகிறவள் நோயை மறைப்பாளா? கிழித்தேன்.

அப்புறம் அவள் செய்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யோசித்தவள் அவள்.

அப்பாவின் முன்னால் வந்து மண்டிபோட்டாள். கவையை ஓங்கித் தட்டி, அதன் அடிக்காம்பை அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் வைத்தாள். சம்மட்டி பிடித்துக் காய்த்துக் கல்லாகிப்போன விரல். கஸ்பாரின் புருவம் உயர்ந்தது. அதிர்வு தெரிகிறது. அது அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியதும் கவையைக் காதுக்குப் பின் வைத்தாள். "கேக்குதா நைனா?" தலையாட்டினார். அதே கவையை எடுத்துத் திரும்ப விரலில் வைத்தாள்.

விரலில் ஒன்றுமில்லை.

பாயில் இருந்தவர்களுக்கு இது டாக்டர் விளையாட்டு. அந்த அறையில் கஸ்பாருக்கும் அவர் மகளுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும்.

கஸ்பார் கவையை வாங்கிக்கொண்டார். தானே முழங்காலில் தட்டினார். விரலில் வைத்தார். காதுக்குப் பின் வைத்தார். விரலில் வைத்தார். காதைவிடக் காய்த்த விரல் அது. அதுகூடக் கவை நின்றதைத் தெரிந்து சொல்கிறது, காது சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பாஸ்கலைப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, யாருக்கு ஜெயம்?" என்று அம்புரோஸ் கத்தினார்.

டோரதியின் முடிவைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். அப்பா இப்போது எதைச் சொன்னாலும் அவள் நாளைக் காலையில் டிராம் ஏறிக் காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கப் போகிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார வைத்தும் எழுதிப் பார்த்தேன். அடுத்த பத்தியில் எழுந்து போய்விட்டாள். அவளை நிறுத்துகிற முடிவு எனக்கு எழுத வரவில்லை.

பாஸ்கலின் காதுதான் பாக்கி. அதை டோரதியால் காப்பாற்ற முடியாது, என்னாலும் முடியாது. கோஷ்டிச் சட்டத்தை மாற்ற கஸ்பார் ஒருவரால்தான் முடியும். மாற்ற வேண்டுமானால் தன் ஆட்கள் முன்னால், தன் வாயால், தன் காது செத்துவிட்டது என்று அவர் சொல்லியாக வேண்டும். அடுப்படி வாசலில் ரோசி தலையணையைப் பிரித்துப் பஞ்சை எடுத்து உருட்டி, கைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

கஸ்பார் வாயைத் திறக்கிறார். மெல்லப் பேச அவருக்கு வராது, அறைக்கே கேட்கும்.

சொல்லுங்கள், உங்களுக்கு என்ன கேட்டது?