‘பே’ இழுப்பறை

அகராதி அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். தேவையில்லாத ஒரு சொல்லைக் கண்டால் விடமாட்டாள், வெட்டித் தள்ளிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கத்தரி மூன்று நாளாக ஒரு கவரைப் பிரிக்கப் பயந்து செத்துக்கொண்டிருந்தாள். மார்பில் இருந்த கட்டியைச் சோதித்த முடிவு அதற்குள் இருந்தது.

வீட்டில் வைத்தால் அக்கா பார்த்துவிடுவாள் என்று அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள். எதையும் அதனதன் தலைப்பில் சொருகும் இருபது வருடப் பழக்கம் லேசில் விடுமா? சொல் அட்டைகள் வைக்கும் இழுப்பறைகளில் ‘பே’ என்று எழுதியிருந்ததைத் திறந்து, கை தானாகவே கவரை அதற்குள் சொருகிவிட்டது.

அன்றைக்குப் பார்த்து அச்சுக்கோப்பவர் வந்து நின்றார்.

“என்னம்மா கத்தரி, ‘பேய்’ இன்னும் வரலையே? மத்தியானம் பக்கத்த அனுப்பணும்.”

அவள் எழுவதற்குள் இழுப்பறையை உருவிவிட்டார். அட்டைகளோடு கவரும் வந்தது. ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தார். தங்கமான மனுஷன். கவரை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அட்டைகளை நீட்டினார்.

வேர்ச்சொல் முதலில், அதன் கிளைகள் பிறகு என்பது அந்த அலுவலகத்துச் சட்டம். ‘பேய்’ என்றால் ஆவி, பிசாசு என்று பொருள் சொன்ன அட்டைகளை அவள் கீழே தள்ளினாள். பழைய பாட்டுகளிலிருந்து எடுத்த அட்டை மேலே வந்தது: ‘பே: அச்சம்’. ‘பேய்’ இதிலிருந்து வந்திருக்கலாம் என்று யாரோ ஓரத்தில் குறித்திருந்தார்கள்.

“அப்போ பயம்தான் முதல்ல வந்துச்சா? பேய் அப்புறம்தானா?”

“ஆமாண்ணே. பயந்தவன்தான் பேயைப் பெத்திருக்கான்.”

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது. அடிப்பாவி, மூன்று நாளாக நானும் ஒன்றைப் பெற்று, சோறூட்டி அல்லவா வளர்க்கிறேன்! பிரிக்காத கவரைப் பார்த்துப் பார்த்தே தன் சாவு வரைக்கும் போய்வந்துவிட்டாள்.

மேஜையில் கிடந்த கத்தரியை எடுத்துக் கவரின் ஓரத்தை வெட்டினாள். இரண்டு முறை படித்தாள்.

“என்னம்மா?” அவர் குரல் இறங்கியிருந்தது.

“இருக்குண்ணே. ஆனா ஆரம்பம்தான். சின்னது. எடுத்துட்டா குணமாக நல்ல வாய்ப்பிருக்காம்.” கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதோடு சிரிப்பும் வந்தது.

அங்கேயே போனை எடுத்தாள்.

“அக்கா, திட்டாதே. முழுசாக் கேளு. வியாழக்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்.”

அக்கா கேட்டாள். பிறகு மூன்று நாள் மறைத்ததற்காக, அழுதுகொண்டே வாய் நிறையத் திட்டினாள். அதில் ஒரு சொல்லைக்கூட வெட்ட மனம் வராமல் கத்தரி கேட்டுக்கொண்டிருந்தாள்.