வருஷா வருஷம் டிரைவரை மாற்றும் கம்பெனி

"ஏம்மா, உங்க கம்பெனியில வருஷா வருஷம் டிரைவரை மாத்திடுறாங்களாமே? உங்க அண்ணன் சொன்னார். பாவம், அந்த டிரைவருங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்காதா?"

மாடி வீட்டு அக்கா லிஃப்டுக்குள் வைத்து இப்படிக் கேட்டபோது மில்லிக்குச் சிரிப்பதா, விளக்குவதா என்று தெரியவில்லை. விளக்கத்தான் ஆசை. அதற்குள் மூன்றாவது மாடி வந்து கதவு திறந்துவிட்டது.

மில்லி வேலை பார்ப்பது கோல்ஃப் மட்டை செய்யும் தொழிற்சாலையில். ஆட்டத்தின் முதல் அடியிலேயே பந்தைக் கண்காணாத தூரத்துக்கு விரட்டும் பெரிய தலை மட்டைக்குப் பெயர்தான் டிரைவர். அதில் வருஷத்துக்கு ஒரு புது மாடல் வந்தே தீரும். நடுத்தர தூரத்துக்கு அடிக்கும் அயர்ன் மட்டைகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறும். மில்லியும் அவள் அண்ணியும் செய்வது வெட்ஜ். புல்லிலோ மணலிலோ மாட்டிக்கொண்ட பந்தை எம்பித் தூக்கிக் குழிக்குப் பக்கத்தில் போடும் சின்ன மட்டை. அது மூன்று வருஷத்துக்கு ஒன்று.

ஏன் இப்படி ஆளுக்கொரு கணக்கு? டிரைவர் வாங்குகிறவர் தூரத்தை வாங்குகிறார். போன வருஷத்தைவிட நாலடி கூடப் போகும் என்று யாராவது காதில் ஓதினால் போதும், கை தானாகப் பர்ஸுக்குப் போய்விடும். வெட்ஜ் வாங்குகிறவர் அப்படி இல்லை. கைக்குப் பழகிய மட்டையை விட்டுப் பிரிய அவருக்கு மனசே வராது. இதற்கு நடுவில் வரைய வேண்டும், மாதிரி வார்க்க வேண்டும், ஆயிரம் அடி அடித்துப் பார்க்க வேண்டும், ஆட்ட விதிகளைப் பார்க்கும் சங்கத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால் இந்த வருஷத்து டிரைவர் கடைக்குப் போகும்போது அடுத்த வருஷத்தது மேசைமேல் பாதி வளர்ந்திருக்கும். அதற்கும் அடுத்தது யாராவது ஒருவர் தலைக்குள் உதைத்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தேதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர் விற்பனைத் தலைவர். அவருக்குத் தொழிற்சாலையில் காலண்டர் என்று பெயர். மில்லிக்கு மில்லி என்ற பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. அவள் எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வாள். வீட்டில் ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னாலும், "ஒரு அறுபது மில்லி இந்தப் பக்கம்" என்பாள். அண்ணிக்கு மட்டும் தனிப் பெயர் எதுவும் இல்லை. அவள் மில்லியைவிட வயதில் இரண்டு வருஷம் சின்னவள், முறையில் அண்ணி. மில்லி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தொழிற்சாலையே அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்து, ஓய்வுபெறும் வயதில் இருந்த காவலாளிகூட, "குட்மார்னிங் அண்ணி" என்றுதான் கேட்டைத் திறந்தார்.

கடையில் இப்போது விற்றுக்கொண்டிருந்த வெட்ஜ் அண்ணி வடிவமைத்தது. அதற்கு மூன்றாவது வருஷம் முடியப்போகிறது. அடுத்தது மில்லியுடையது. இத்தனை வருஷமும் மற்றவர்கள் மாடலில் ஒரு வளைவு, ஒரு விளிம்பு என்று செய்துவந்தவளுக்கு, தலையிலிருந்து வால்வரை அவளே செய்த முதல் மாடல். இந்த முறை சோதனையில் அண்ணியுடையதை ஜெயித்துக் கம்பெனி ஒப்புக்கொண்டால் உண்டு. தவறினால் இன்னும் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சோதனை நாளன்று எல்லோரும் சோதனை அறையில் கூடினார்கள். ஒரு பக்கம் புல்விரிப்பு, எதிரே வலை, பக்கத்தில் பந்தின் சுழற்சியை அளக்கும் கேமரா. சுழற்சி கூடினால் பந்து விழுந்த இடத்தில் சட்டென்று நிற்கும், ஓடாது. வெட்ஜுக்கு அதுதான் மார்க். காலை நேரத்துப் புல்லின் ஈரம் போல இருக்கட்டும் என்று ஒவ்வொரு பந்தின்மேலும் தண்ணீர் தெளித்து வைத்தார்கள். கம்பெனிக்காக அடித்துப் பார்க்கும் ஆட்டக்காரர் பழையதில் பத்து, புதியதில் பத்து என்று மாற்றி மாற்றி அடித்தார். திரையில் எண்கள் ஏறின. பழையது எங்கேயோ நின்றது. புதியது எங்கேயோ போயிற்று.

"அம்மாடி!" என்று காலண்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இவ்வளவு வித்தியாசமா? தலைப்பு கிடைச்சிடுச்சு. இதுவரை பார்க்காத சுழற்சி! வெள்ளிக்கிழமை விளம்பரத்தை அச்சுக்கு அனுப்பிடுறேன்."

மில்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அண்ணிதான் ஆரம்பித்தாள்.

"என் மட்டையை என் கண்ணு முன்னாலயே கவுத்துட்ட. பரவாயில்லை, வெளியாள் கையில தோக்கலையே."

"சொந்தக்காரங்க கையில தோத்தா வலிக்காதா அண்ணி?"

"வலிக்குது. ஆனா வெளியில சொல்லிக்கலாம் பாரு, எங்க வீட்டுப் பொண்ணுதான் ஜெயிச்சான்னு."

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தங்கையைப் பாராட்டினால் மனைவி முறைப்பாள், மனைவிக்கு ஆறுதல் சொன்னால் தங்கை முறைப்பாள். "தண்ணி வேணுமா யாருக்காவது?" என்று எழுந்து போய்விட்டான்.

"சரி, ஒண்ணு சொல்லு," என்றாள் அண்ணி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "முகத்துல என்ன மாத்தின?"

"முகத்தையா? ஒண்ணும் மாத்தலையே. அடிப்பக்கம் மட்டும்தான். பின்விளிம்பை நாலு மில்லி சீவினேன்."

"ம்," என்றாள் அண்ணி. அவ்வளவுதான்.

அந்த "ம்" மில்லியின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பந்தைப் பிடித்துச் சுழல வைப்பது மட்டையின் முகம். அதில் குறுக்கே வரிவரியாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். மழையில் ஓடும் வண்டியின் டயர் மாதிரிதான். ஈரமும் புல்தூளும் பள்ளத்துக்குள் ஒதுங்க, அதன் விளிம்புகள் பந்தைக் கவ்விப் பிடிக்கும். அடிப்பக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? செருப்பின் குதிகாலைச் சீவிவிட்டு, கண் பார்வை கூர்மையாகிவிட்டது என்று சொல்வதுபோல இருந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் சோதனை அறைக்குப் போனாள். இரண்டு மட்டைகளும் அதே இடத்தில் சாய்ந்திருந்தன. தன் மட்டையின் முகத்தில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தாள். ஒவ்வொரு வரியிலும் நகம் தட்டித் தட்டி இறங்கியது. அண்ணியின் மட்டையில் இழுத்தாள். நகம் வழுக்கிக்கொண்டே வந்துவிட்டது.

பிடியைத் திருப்பிப் பார்த்தாள். தேய்ந்து பளபளத்த ரப்பர். அதன் நுனியில் ஆட்டக்காரர் தன் பையிலுள்ள மட்டைகளுக்கெல்லாம் சுற்றும் பச்சை டேப்.

சற்று நேரத்தில் ஆட்டக்காரரே வந்தார். "ஆமா, என்னோடதுதான்," என்றார் சர்வசாதாரணமாக. "கைக்குப் பழகினது, அதுல அடிச்சா ஒழுங்கா அடிக்கலாம்னு எடுத்தேன். மாடல் அதேதானே?"

மாடல் அதேதான். ஆனால் அந்த மனிதர் ஒரு வருஷமாக அதை வைத்து மணலை வாரி வாரி அடித்திருக்கிறார். மணல் உப்புத்தாள் போல. ஒவ்வொரு அடிக்கும் விளிம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். நேற்று மோதியது இரண்டு மாடல்கள் இல்லை, புது டயரும் வழுக்கை டயரும்.

மில்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை, வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அச்சு, சில மாதங்களில் கடை, பெட்டிக்குள் அவள் செய்த மாடல். சொன்னால் மூன்று வருஷம். போதாததற்கு நேற்று முழுக்க அவள் மிதந்துகொண்டிருந்தாளே, அந்த மிதப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இந்தச் சுழற்சி அவளுடையது இல்லை. அவள் சீவிய நாலு மில்லிதான் அவளுடையது. அதை யாருமே இன்னும் பார்க்கவில்லை.

எழுந்துபோய்க் காலண்டரிடம் சொன்னாள்.

காலண்டர் அசரவில்லை. "நல்லதாப் போச்சு! வாங்க வர்றவரும் இதைத்தானே செய்வார்? அவர் பையில இருக்கறதும் தேஞ்சதுதான். நம்ம புதுசை அடிச்சதும், ஆகா, மாடல்னா இதுதான்னு வாங்கிட்டுப் போவார். பாதி வியாபாரமே அதுலதான் ஓடுது."

"அப்படின்னா அண்ணி மாடல்லயே புதுசா ஒண்ணை எடுத்துக் கொடுத்தாலும் அவர் ஆகான்னுதானே சொல்வார்? என் மாடல் எதுக்கு?"

காலண்டர் அதை விட்டுவிட்டு வேறு பக்கமாக வந்தார். "ஓ, அண்ணிக்காக விட்டுக்கொடுக்கறீங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கதவருகே வந்து நின்ற அண்ணியின் காதில் அது விழுந்துவிட்டது.

"எனக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேணாம்," என்றாள். "என்ன விஷயம்?"

மில்லி சொன்னாள். அண்ணி கேட்டுவிட்டு, ஸ்டோர் ரூமிலிருந்து தன் மாடலில் பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். "அடிங்க."

மறுபடியும் அதே அறை, அதே கேமரா, தண்ணீர் தெளித்த பந்துகள். எண்கள் இரண்டும் தோளோடு தோள் உரசி நின்றன. காலண்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போச்சு. விளம்பரத்துல வெட்ஜ் பக்கத்தைக் காலியா விட்டுட வேண்டியதுதான்."

"இருங்க," என்றாள் மில்லி. அவள் குரல் அவளுக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. "நான் மாத்தினது அடிப்பக்கத்தை. நீங்க அளக்கறது முகத்தை. என் மட்டையை இன்னும் யாரும் சோதிக்கவே இல்லை. வெளியில வாங்க."

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பயிற்சிப் புல்வெளி உண்டு. ஒரு மூலையில் வெயிலில் இறுகிய கட்டாந்தரை, இன்னொரு மூலையில் பொலபொலவென்ற மணல்குழி. மில்லி கட்டாந்தரையில் பந்தைப் போட்டாள். பந்தை உயரத் தூக்க வேண்டுமென்றால் ஆட்டக்காரர் மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து வைப்பார். அப்படித் திறக்கும்போது அடிப்பக்கத்தின் பின்விளிம்பு தரையில் முட்டி, முன்விளிம்பைத் தூக்கிவிடும். மெத்தென்ற இடமாக இருந்தால் தெரியாது. கட்டாந்தரையில் மட்டை துள்ளிக் குதித்துப் பந்தின் வயிற்றில் அடிக்கும்.

அண்ணியின் மட்டை அப்படித்தான் துள்ளியது. பந்து உயரவே இல்லை, வேலிவரை சீறிக்கொண்டு ஓடியது. ஆட்டக்காரர் மறுபடி அடித்தார். மறுபடியும் வேலி.

பிறகு மில்லியின் மட்டை. சீவிய பின்விளிம்பு தரையோடு படுத்துக்கொள்ள, முன்விளிம்பு பந்துக்கு அடியில் நழுவிப் போனது. பந்து நேராக மேலே எழும்பி, சோம்பேறித்தனமாக இறங்கி, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தது. ஆட்டக்காரர் இன்னொரு பந்தை இழுத்துவைத்து அடித்தார். அதுவும் உட்கார்ந்தது. மூன்றாவதுக்கு அவரே சிரித்துவிட்டார்.

"இதை எனக்குக் கொடுத்துடுங்க," என்றார்.

மில்லியின் நெஞ்சு நேற்றைவிடப் பெரிதாக விரிந்தது. இது திருப்பிக் கொடுக்க வேண்டாத மிதப்பு.

"மணல்ல அடிச்சுக் காட்டுங்க," என்றாள் அண்ணி.

மணல்குழியில் கதை தலைகீழானது. சீவிய அடிப்பக்கம் பொலபொல மணலுக்குள் மண்வெட்டி மாதிரி இறங்கிப் புதைந்தது. அண்ணியின் அகலமான அடிப்பக்கம் படகு போல மணல்மேல் வழுக்கிவந்து பந்தை அள்ளித் தூக்கியது. அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் நின்ற நிற்பைப் பார்த்து மில்லிக்குக் கோபம் வரவில்லை. அந்த வளைவை அண்ணி ராத்திரி பகலாகக் கண்டுபிடித்தது அவளுக்குத் தெரியும்.

"அப்போ எதைத்தான் நான் விக்கறது?" என்றார் காலண்டர் அழாக்குறையாக.

"ரெண்டையும்," என்று நாத்தனாரும் அண்ணியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்து, யார் முதலில் சொன்னது என்று அங்கேயே தகராறு ஆரம்பித்தது.

அந்த வருஷம் அந்தக் கம்பெனியில் வெட்ஜில் புது மாடல் வரவில்லை. அதே மாடல், அதே பெயர், அதே பெட்டி. ஆனால் வாங்குகிறவர் இரண்டு அடிப்பக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விளம்பரத்தில் காலண்டர் வேண்டாவெறுப்பாக ஒரு வரி போட்டார்: உங்கள் பழைய மட்டையின் முகத்தில் நகத்தை இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் வாருங்கள். அந்த வரிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்த பிறகு, அது தன் யோசனைதான் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எந்த அடிப்பக்கம் என்று தெரிவதற்காக மட்டையின் தலையில் ஓர் எழுத்து பொறிப்பார்கள். மில்லியுடையதற்கு என்ன எழுத்து என்ற பேச்சு வந்தபோது, "இதுல என்ன யோசனை? மி," என்று முடித்துவிட்டாள் அண்ணி. முதல் மட்டை பொறித்து வந்த அன்று மில்லி அதை யாரிடமும் கொடுக்காமல் வீட்டுக்கே எடுத்துவந்தாள். ஒரு முழு மாடல் கேட்டவளுக்குக் கிடைத்தது ஓர் எழுத்து. எழுத்தின் உயரம் மூன்று மில்லி. அவளுக்கு அது லிஃப்டுக்குள் அடங்காது போலிருந்தது.

லிஃப்டுக்குள் மாடி வீட்டு அக்கா நின்றிருந்தாள். "என்னம்மா, இந்த வருஷமும் டிரைவரை மாத்திட்டாங்களா?"

மில்லி மட்டையைத் தோளில் சாய்த்து, எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டாள்.

"டிரைவரை மாத்திட்டாங்கக்கா," என்றாள். "என்னையும் அண்ணியையும்தான் மாத்த முடியலை."