புகையே காணோம்

மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கரி பாதிக்கும் கீழேதான் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் இது காணுமா என்று கேட்க வாயெடுத்தவள், அப்படியே மூடிக்கொண்டேன். கேட்டால் "காணாது, விட்டுரு" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். என் வீட்டுக்காரர் மன்சூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க்கு, மடியில் போன். புகைப் பக்கமே இனிப் போகக்கூடாது என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு தார் ரோட்டு அகலமாவது இருக்கட்டும் என்று நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டவள் நான்தான்.

முந்தலில், போடிமெட்டு ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எங்கள் கடை. மூணாறு போகிற கார்களெல்லாம் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ள நிற்கிற இடம். இவர் வளைகுடாவில் ஒரு அமெரிக்க ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு, அந்த ஊர் அடுப்பு ஒன்றை மண்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பழைய கம்ப்ரசர் டேங்கை ஜக்கையன் பட்டறையில் கொடுத்து வெட்டி ஒட்டி அதைச் செய்தும்விட்டார். படுக்க வைத்த பீப்பாய், அதற்குள் கறி. ஒரு ஓரத்தில் தாழ்வாக ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் நெருப்பு. மறு ஓரத்தில் புகைபோக்கி. நெருப்புக்கும் கறிக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. சூடும் புகையும் மட்டும் பீப்பாய்க்குள் நுழைந்து, கறியைத் தடவிவிட்டு, அந்தப் பக்கமாக வெளியேறிவிடும். முந்தல் சனம் அதற்கு இஞ்சின் என்று பேர் வைத்தது. எங்கள் கடைக்கும் இஞ்சின் கடை என்றே பேராகிவிட்டது.

பேருக்கு ஏற்ற மாதிரி அது புகை கக்கவும் செய்தது. காப்பித் தோட்டத்தில் கவாத்து பண்ணிப் போட்ட கம்புகளை ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு நெருப்பில் போடுவார். வெள்ளை வெளேரென்று எழும்பும். கீழே வளைவில் வருகிற கார்க்காரனுக்கே தெரியும். "புகைதான் நம்ம போர்டு" என்பார். கார் நின்றதும் மூடியைத் திறந்து காட்டுவார். இறங்கி வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். திறந்ததில் போன சூட்டுக்கு ஈடுகட்ட இன்னும் இரண்டு கை கரி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஈரக் கம்பு. அத்தனை புகையையும் முதலில் குடித்தவர் அவர்தான் என்பது போன மழைக்காலத்தில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

கடையைச் சாத்தியதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. மகள் நுஸ்ரத் கோயம்புத்தூரில் சம்பாதிக்கிறாள். இருக்கிறதைக் கொண்டு ஓட்டிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு இந்த மனுஷன் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி என் தம்பி ரஃபியிடம் கொடுத்தார். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் தெருவில் யாருக்கோ கொடுத்தார். நல்ல சட்டைகளை, தொளதொளவென்று இருக்கிறது என்று சொல்லிப் பள்ளிவாசலில் கொண்டுபோய் வைத்தார். கடைசியாக இஞ்சினையும் தேவாரத்துப் பால்பாண்டிக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அம்பத்து நாலு வயதில் ஒரு ஆள் ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால், கடைசியில் எதை அனுப்பப் போகிறார்? சோற்றில் உப்பு இல்லை என்றால்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஜீப்பு கொண்டாந்து ஏத்திக்கிறேன்னுருக்கான்" என்றார்.

"அதுவரைக்கும் அது நம்ம அடுப்புதான? ஒரு தடவ நான் போட்டுப் பாக்குறேன். கறி நல்லா வந்துட்டா அது இந்த எடத்த விட்டுப் போகாது."

"உனக்கு எதுக்கு இந்தச் சோலி?"

"சரின்னு சொல்லுங்க."

"வராது ரசியா."

"வந்துட்டா?"

"வந்தா பாப்போம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்தது. மசாலா தடவிய இரண்டு ஆட்டுத் தொடையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கை பழகட்டும் என்று முதலில் இரண்டு கோழியை உள்ளே வைத்தேன். பிஸ்மி சொல்லி நெருப்பு மூட்டினேன். மூடியில் பதித்திருந்த, சூடு காட்டுகிற வட்டத்தில் முள் மெல்ல ஏறியது. போன் அடித்தது.

"முள்ளு எங்க நிக்குது?"

"நூத்தி இருபதுல."

"ம்" என்று வைத்துவிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போனில் பேசுகிற புருஷனை முந்தலில் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற முனியாயி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. பிரியாணிக்குத் தம் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் குடும்பத்தில் ஆள் கிடையாது. கல்யாண வீட்டு அண்டாவுக்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாவைப் பிசைந்து விளிம்பெல்லாம் ஒட்டி, ஒரு பொட்டு ஆவி வெளியே போகாமல் அடைத்துவிட்டால் பாதி விறகில் வேலை முடியும். முள்தான் நூற்றி இருபதைத் தொட்டுவிட்டதே. கரியோ கொஞ்சம்தான். இந்தச் சூட்டை ஏன் புகைபோக்கி வழியாக ஆகாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. புகைபோக்கி மூடியை இழுத்து அடைத்தேன். நெருப்புப் பெட்டியின் காற்று வழியையும் ஒரு கோடு அளவு மட்டும் விட்டுச் சாத்தினேன். முள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. எனக்குள் ஒரு சந்தோஷம். இவ்வளவுதானா இது, இதற்கா இத்தனை வருஷம் அலட்டினார் என்று நினைத்தேன்.

முள் பிறகு இறங்க ஆரம்பித்தது. கரியைப் போட்டேன். இன்னும் இறங்கியது. இன்னொரு முறம் போட்டேன். பீப்பாயின் மூடி இடுக்கிலிருந்தெல்லாம் மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை பிதுங்கியது. கண் எரிந்தது. போன் அடித்தது.

"என்ன ரசியா, தம் போட்டுட்டியா?"

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அப்படியும் மனுஷன் நாற்காலியைப் பிடித்து எழுந்து ரோட்டில் இறங்கிவிட்டார். இங்கே வந்து அவரே சரிபண்ணப் போகிறாராம்.

"அங்கயே உக்காருங்க!" என்று கத்தினேன். மலையிலிருந்து இறங்கிய கேரளா ஜீப்புக்காரன் தன்னைச் சொல்கிறேனோ என்று பிரேக் போட்டான். "இங்க ஒரு அடி எடுத்து வச்சீங்கன்னா இப்பவே தண்ணிய ஊத்தி அணைச்சுருவேன்." அவர் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். குனிந்து மூச்சுவிட அவர் படுகிற பாடு இங்கிருந்தே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள ஒரு வசதி இருந்தது.

கோழியை வெளியே எடுத்தேன். தோலில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டால் நாக்கு மரத்துப்போகிற கசப்பு. முனியாயியின் நாய் மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிக்கொண்டது. மூட்டையின் அடியில் கரி கொஞ்சம் கிடந்தது. அந்தப் பக்கம் அவர் மருந்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவரையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "காத்து உள்ள போறது பிரச்சனை இல்லம்மா. போனது வெளிய வர முடியல. பழசு உள்ளயே தேங்கிக் கெடந்தா புதுசுக்கு எங்க எடம்?" என்று தன் கையை விரித்து மூடிக் காட்டினார். நான் இஞ்சினைப் பார்த்தேன். அண்டாவில் அடைபடுகிறது ஆவி. அதன் நெருப்பு வெளியே இருக்கிறது, அதற்கு வேண்டிய காற்று அதற்குக் கிடைக்கிறது. இங்கே நெருப்பும் அதே வயிற்றுக்குள் அல்லவா இருக்கிறது. புகைபோக்கியை அடைத்த நான் அந்த நெருப்பின் கழுத்தைத்தான் நெரித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் திறந்து பழைய புகையை வெளியே விரட்டினேன். நெருப்புப் பெட்டியைச் சுத்தமாக வழித்தேன். மிச்சமிருந்த கரியைப் பற்றவைக்காமல் பெட்டிக்குள் ஒரு சுவர் ஓரமாக வளைத்து அடுக்கி, ஒரு நுனியில் மட்டும் நாலு கங்கு வைத்தேன். கொசுவத்தி எரிகிற மாதிரி ஒரு முனையிலிருந்து அதுவாக ஊர்ந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன். புகைபோக்கியை முழுசாகத் திறந்து வைத்தேன். கூட்டுவது குறைப்பது எல்லாம் கீழே இருக்கிற காற்று வழியில் மட்டும்தான் என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். சூடு ஏறி இறங்காமல் இருக்க அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தேன், அது அவர் வழக்கமாகச் செய்வது. காப்பிக் கம்பை மட்டும் ஊறவைக்கவில்லை. காய்ந்த கம்பைப் பெட்டியின் தலைமேல் வைத்து இன்னும் சூடுபடுத்தி, ஒரு நேரத்துக்கு ஒன்று என்று போட்டேன். போட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. தொடைகளை உள்ளே வைத்து மூடினேன்.

மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலையாக இருந்தது. கை தானாகப் போகும். இழுத்துக்கொள்வேன். ஒரு காரிலிருந்து இறங்கிய பெண் திறந்து காட்டச் சொன்னாள். "தூங்குதும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே முனியாயியிடம் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போனாள்.

போன் அடித்தது. "முள்ளு?"

"நூத்திப் பத்து."

கொஞ்சம் கழித்து மறுபடி. "முள்ளு?"

"நூத்திப் பத்துதான்."

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்த பிறகு அவர் குரலில் வேறு ஏதோ இருந்தது. "ரசியா, நெருப்பு செத்துப் போச்சு."

"சாகல."

"புகையே காணோம். நானும் அப்பருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"புகையத்தான் காணோம். நெருப்பு இருக்கு."

அவர் போனை வைக்கவில்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காதில் போனை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் அந்தப் புகைபோக்கியைப் பார்த்தோம். உற்றுப் பார்த்தால் மட்டும் நீலமாக ஒரு இழை தெரிந்தது. கண்ணை எடுத்தால் அதுவும் இல்லை.

சாயங்காலம் அஸர் பாங்கு நேரத்துக்குத் தொடையின் எலும்பைத் தொட்டு அசைத்தேன். ஆடியது. மேல்தோல் பழுத்த மாவிலை நிறத்துக்கு வந்திருந்தது. ரெண்டு துண்டு வெட்டி, இலையில் வைத்து, ரோட்டைத் தாண்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் மாஸ்க்கை இறக்கினார். மோந்து பார்த்தார். வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்புக் கம்மி" என்றார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. "என்னது?"

"உப்புக் கம்மிங்கறேன். எலும்பு ஓரத்துல மசாலா பிடிக்கவே இல்ல. கத்தியால கீறிவிட்டுத்தான தடவணும்? அப்பறம் அந்தக் காத்து வழி, இன்னும் ஒரு வெரல் சாத்தலாம். கரி சும்மா போகுது அங்க." இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார். "கசப்பு இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இத்தனை மாதமாக ஒரு குறை சொல்லாத மனுஷன் ஒரே மூச்சில் இத்தனை குறை சொன்னதும் எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "உக்காந்த எடத்துலருந்து நல்லா வாய் பேசுங்க" என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். காற்று வழியை ஒரு விரல் சாத்தினேன். முள் அசையவில்லை. அவர் சொன்னது சரிதான்.

திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்து நின்றிருந்தார். நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்.

"வேப்பமரத்தத் தாண்டி வரக்கூடாது!" என்றேன். கடைக்கும் ரோட்டுக்கும் நடுவில், காற்று வருகிற பக்கமாக ஒரு வேப்பமரம் நிற்கிறது. "மாஸ்க்கையும் கழட்டக் கூடாது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். மெல்லத்தான் வர முடிந்தது. போடிப் பக்கமிருந்து ஒரு ஜீப்பு வந்தது. பின்னால் கயிறும் பலகையுமாக. முன்னால் பால்பாண்டி உட்கார்ந்திருந்தான். நடு ரோட்டில் நாற்காலியோடு நிற்கிற ஆளைப் பார்த்து ஹார்ன் அடித்தான். யாரென்று தெரிந்ததும் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, ஏத்திரலாமாண்ணே?" என்று கேட்டான்.

இவர் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. காலியாக இருந்த கையை ஜீப்புக்கு எதிரே விரித்துக் காட்டி, "இருப்பா" என்றார். கண் புகைபோக்கியிலேயே இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. பின்னால் தெரிந்த மலை மட்டும் அந்த ஒரு சாண் இடத்தில் சூட்டுக்கு மெல்ல அலைந்துகொண்டிருந்தது.