ரோட்டோரம் பூத்த உப்பு

கீரைக்காரி அந்த வெள்ளிக்கிழமை செய்த வேலையை வேறு யாராவது செய்திருந்தால், அவளே முதல் ஆளாய்த் தெருமுனையில் நின்று சிரித்திருப்பாள். மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் ரோட்டைப் பார்த்த பக்கத்துக் கீரையை எல்லாம் அரைகுறை வளர்த்தியிலேயே பிடுங்கிச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வெறும் மண்ணில் வெள்ளைத் தூளைத் தூவிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு மண்ணில் உப்புப் பூத்த மாதிரி இருக்க வேண்டும். அதுதான் திட்டம்.

தூள் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். ஓட்டப் பந்தயத்துக்கு மைதானத்தில் கோடு போடும் பவுடர் மூட்டை ஒன்று, பஸ்ஸின் பின்சீட்டில் சொகுசாக உட்கார்ந்து வீட்டுக்கு வந்திருந்தது.

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றான்.

"பொண்டாட்டி ஓடப் போறான்னு சொல்லு."

சொன்னாளே தவிர, சிரிக்கவில்லை. ஒரு வாரமாக அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

நிலம் மருந்துக்கடைக்காரருடையது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அங்கே முள்ளும் உடைந்த பாட்டிலும்தான் விளைந்தன. வாய்ப்பேச்சிலேயே குத்தகை, வருஷா வருஷம் அவர் தலையை ஆட்டினால் அடுத்த வருஷம் உண்டு. இவள் சாணமும் இலைக்குப்பையுமாய்ச் சுமந்து கொட்டியதில், இப்போது மண்ணைக் கையில் எடுத்தால் கேக் மாதிரி உதிர்கிறது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

புருஷனுக்குச் சித்தப்பா முறை ஒருவர் உண்டு. நிலத் தரகர். ஊரே ஏக்கர் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். போன வாரம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் கைராசிம்மா. முன்னெல்லாம் இந்த எடத்தக் காட்டினா மூக்கப் பொத்திக்கிட்டுப் போவாங்க. இப்ப பச்சப்பசேல்னு இருக்கா, மருந்துக்கடைக்காரர் ரெண்டு மடங்கு சொல்றார். சனிக்கிழமை ஒரு பார்ட்டி வருது."

"அப்ப நான் எங்க போறது சித்தப்பா?"

"சின்ன வயசு, ஒடம்புல தெம்பு இருக்கு. எங்கயாவது பார்த்துக்கலாம்."

எங்கே பார்ப்பது? சுற்றுவட்டாரத்தில் கேட்காத ஆளில்லை. எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள்: "குத்தகைக்கா? விலை ஏறட்டும்னு வெச்சிருக்கோம்." சொந்தமாக வாங்க அவளும் புருஷனும் சேர்த்த காசு இருக்கிறதே, அது ஸ்டாப்புக்கு வந்து சேரும்போதெல்லாம் விலை அடுத்த ஸ்டாப்பில் போய் நின்றது. பஸ் டிரைவர் வீட்டுக்கே இந்தக் கதி.

தான் விளைத்ததுதான் தன்னைத் துரத்துகிறது என்று அவள் முடிவுகட்டினாள். அதனால்தான் பவுடர்.

சனிக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். பனியில் தூள் லேசாக இறுகி, நிஜ உப்பே தோற்றுவிடும்போல இருந்தது. பத்து மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. இறங்கியவர் பல் டாக்டர். பின்னாலேயே சித்தப்பாவும் மருந்துக்கடைக்காரரும்.

"இதென்ன வெள்ளையா?" என்றார் டாக்டர்.

சித்தப்பாவின் முகம் சுருங்கியது. கீரைக்காரி முந்திக்கொண்டாள். "உப்புங்க. இங்க என்ன போட்டாலும் வர மாட்டேங்குது, பின்பக்கமும் பரவிட்டு வருது."

"அப்ப விவசாயத்துக்கு ஆகாதா?"

"ஆகாதுங்க."

டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. வெளையற நிலத்துல வீடு கட்ட அனுமதி வாங்கறதுக்குள்ள உயிர் போயிடும். ஆகாத நிலம்னா ஆறே மாசம். இருபது வீடு தாராளமா வரும்." கைப்பேசியை எடுத்து மண்ணை வளைத்து வளைத்துப் படம் பிடித்தார். "நீங்களே ஆபீசுல வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. பயிர் பண்ணினவங்க சொன்னா மறுபேச்சு இருக்காது."

அவள் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். மனுஷர் முப்பது வருஷமாகப் பொடியும் மாத்திரையுமாய்ப் புழங்குகிறவர். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்தார். பிறகு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். வாய் திறக்கவில்லை. நிலம் விற்றால் போதும், எதற்குத் திறப்பார்?

"சார், அது உப்பில்ல" என்றாள்.

"என்னம்மா?"

"மைதானத்துல கோடு போடற பவுடர். நான்தான் போட்டேன்."

சித்தப்பா இருமினார். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு. பாவம், சாப்பிடாம வந்திருக்கும்."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். ஒரே வெட்டு. கருகருவென்று வந்த மண்ணை, நெளிகிற புழுக்களோடு டாக்டரின் ஷூவுக்குப் பக்கத்தில் கொட்டினாள். "இதையும் படம் எடுத்துக்குங்க. ஆபீசுல கேட்டா இதத்தான் சொல்லுவேன்."

டாக்டர் ஷூவைத் துடைத்துக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கமிஷன் போகிற திசையிலேயே சித்தப்பாவும் ஓடினார்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் நின்றார். "நாலு வருஷமா நல்ல பொண்ணுன்னு நெனச்சிருந்தேன்."

"நல்ல பொண்ணுதாங்க. பயந்துட்டேன்."

"நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அப்ப என்னத்தத் தூவுவ?"

"குத்தகைய எழுதிக் குடுங்க சார். அஞ்சு வருஷம். ஒண்ணுமே தூவ மாட்டேன்."

"அஞ்சா?" என்று மூக்கால் சிரித்தார். ஆனால் அவர் கண் நிலத்தின் பின்பக்கம் போய் வந்தது. அங்கே கீரை இடுப்புயரம் நின்றது. இவள் போனால் ஒரே மழையில் முள் திரும்பி வரும், விலை இறங்கும். கணக்குத் தெரியாத ஆளா அவர்? சட்டைப் பையிலிருந்து கடை ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒரு வருஷம். அதுக்கு மேல கேக்காத."

ஞாயிறு முழுக்கக் குழாயைப் பிடித்து மண்ணைக் கழுவினாள். வெள்ளை முழுசாகப் போகவில்லை. அதன் மேலேயே, சீக்கிரம் முளைக்கிற கீரையை நெருக்கமாக விதைத்தாள். பச்சையாக இருந்தால் விலை ஏறும். வெள்ளையாக இருந்தால் வீடு ஏறும். இரண்டில் எதற்குக் குறைவாகப் பயப்படலாம் என்று பார்த்து எடுத்த முடிவு அது.

மூன்றாவது வாரம் ரோட்டோரம் செழித்து நின்றது. ஏதாவது கார் வேகம் குறைத்தால் போதும், அவள் மண்வெட்டியோடு நிமிர்ந்துவிடுவாள். அன்றைக்கு ஒரு கார் நின்றே விட்டது. கண்ணாடி இறங்கியது.

"ரெண்டு கட்டு குடுங்க."

மண்வெட்டியைக் கீழே வைத்தாள். கட்டி நீட்டினாள். கார்க்காரர் வாங்கிக்கொண்டு, தலையை வெளியே நீட்டி வயலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னமா வெளைஞ்சிருக்கு. யார் நிலம் இது?"

இடுப்பில் செருகியிருந்த ரசீதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இங்க கீரை மட்டுந்தாங்க விக்கறோம்" என்றாள்.